கனமான வேலையின் முன்னுரிமையைக் குறைத்தால் கணினி திணறாமல் இருப்பது எப்படி?

கணினியில் ஓடும் நிரல்களுக்கு கணினியின் மூளையான சிபியுவின் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். "இந்த வேலைக்கு அவசரமில்லை, மற்றவை முதலில் போகட்டும்" என்று அதனிடம் சொல்லிவைப்பதுதான் முன்னுரிமையைக் குறைப்பது.

வீடியோ மாற்றும் நிரல் கிடைக்கிற நேரத்தையெல்லாம் மணிக்கணக்கில் விழுங்கும். நீங்கள் தட்டும் எழுத்துக்கோ மவுஸ் அசைவுக்கோ ஒரு கணம் போதும், ஆனால் அது உடனே வேண்டும். ஜெராக்ஸ் கடையில் 300 பக்கப் புத்தகத்தோடு நிற்பவர், ஒற்றைத் தாளோடு வருபவரை முன்னே விடுவதில்லையா? அவருக்கு அரை நிமிடம்தான் நஷ்டம். வந்தவருக்கோ அரை மணி நேரம் மிச்சம்.

லினக்ஸில் இதற்கு நைஸ் என்றே ஒரு கட்டளை இருக்கிறது (ஆங்கிலத்தில் 'நல்லவிதமாக நடந்துகொள்ளும்' என்று பொருள், பெயர் பொருத்தம்தான்). அளவு -20 முதல் 19 வரை, வழக்கமாக 0. எண் கூடக் கூட நிரல் அதிகம் விட்டுக்கொடுக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பகுதியில் நிரலின் மேல் வலது கிளிக் செய்து மாற்றலாம். ரேம் (தற்காலிக நினைவகம்) நிரம்பித் திணறினால் மட்டும் இது உதவாது, அது வேறு கதை.

அப்புறம், குறைத்த பிறகும் சிபியு 100% காட்டுகிறதே என்று பலர் குழம்புகிறார்கள்: இது வேகத்துக்குப் போடும் வரம்பு அல்ல, வேறு யாரும் கேட்காத நேரம் முழுவதையும் அந்த வேலையே எடுத்துக்கொள்ளும்.