முடிவு வருமுன்பே ஏன் ஆன்டிபயாட்டிக்?

வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில் ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வராமலே இரண்டு வயது மகளுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, வேலந்தாவளம் வழியாகக் கோவை ஐசியூவுக்கு அனுப்பிவிட்டார்கள், அள்ளித் தெளித்த கோலமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். கல்ச்சருக்கு ஒன்றிரண்டு நாளாவது ஆகும், செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை, அதுவரை காத்திருக்காது. ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை, இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும் என்றுதான் 2020 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.

பிரஷர் சரியாக இருந்ததே என்கிறீர்கள். குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே உடம்பு கொதிக்க, பாதம் மட்டும் சில்லிட்டிருக்கும், விரல் நுனியை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் சிவக்க மூன்று விநாடிக்கு மேலாகும், டயப்பர் மணிக்கணக்கில் நனையாது. ஐசியூவில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பாதத்தைத்தான்.

ட்ரிப்பும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி ஏற்றி, ஈரல் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. கூடினாலும் ஆபத்து.

இன்று ரவுண்ட்ஸில் ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். அப்புறம், முதல் ஊசி போட்ட நேரம் எழுதிய அந்தச் சீட்டைக் கையோடு காட்டிவிடுங்கள். நீங்களும் இரண்டு வாய் சாப்பிடுங்கள்.