உதிரும் ஓட்ஸ் பார், நீர்க்கும் தயிர்: வாசகர் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: அக்கா, வீட்டில் செய்தால் மிச்சம் என்று நம்பித்தான் ஓட்ஸ் பார் செய்ய ஆரம்பித்தேன். பாதாம், முந்திரி, பேரீச்சை, தேன் என்று எல்லாம் வாங்கிச் செய்தால், கடையில் வாங்குவதைவிடச் செலவு கூடிவிட்டது. போதாததற்கு, கத்தி வைத்ததும் உதிர்ந்துவிடுகிறது. எங்கே தவறு?

தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலில் செலவு. நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலைப் பாருங்கள், ஓட்ஸைத் தவிர எல்லாமே விலை கூடிய பொருள்கள். ஒரு பாருக்கு வயிறு நிறைக்கும் தன்மையைக் கொடுப்பது ஓட்ஸ். மற்றவை ருசிக்கும் ஒட்டுவதற்கும்தான். பாதாமும் முந்திரியும் இருக்கும் இடத்தில் வேர்க்கடலையையும் சூரியகாந்தி விதையையும் வையுங்கள். பிள்ளைகள் கேட்பது மொறுமொறுப்பை, அதை இவையும் தரும்.

என் சமையல் நோட்டில் பலமுறை அடித்துத் திருத்திய அளவு இது: ரோல்டு ஓட்ஸ் 250 கிராம், வேர்க்கடலை வெண்ணெய் 125 கிராம், தேன் 75 கிராம், சர்க்கரை 75 கிராம், உலர் திராட்சை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 12 துண்டு வரும். முன்பு 150 கிராமும் தேனாகவே ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதியைச் சர்க்கரைப் பாகாக மாற்றியதை வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் இனிப்புதான் நாக்கில் நிற்கும்.

இப்போது உதிர்வதைப் பார்ப்போம். முழு ஓட்ஸுக்கு இடையில் இடைவெளி நிறைய இருக்கும், அதை நிரப்ப ஏதாவது வேண்டும். ஓட்ஸில் கால் பங்கை மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். மீதியை வெறும் வாணலியில் மிதமான தீயில் 7, 8 நிமிடம், வாசனை வரும்வரை வறுங்கள். சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டு, தேனும் சேர்த்து, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மெதுவான உருண்டையாக உருட்ட வருகிற பதத்தில் இறக்குங்கள். சர்க்கரைத் தெர்மாமீட்டர் இருந்தால் சுமார் 115 டிகிரி செல்சியஸ். வேர்க்கடலை வெண்ணெயையும் உப்பையும் அதில் கலந்து, சூடாக இருக்கும்போதே ஓட்ஸ், திராட்சையோடு பிசறுங்கள். ஆறிவிட்டால் ஒட்டாது.

அப்புறம் அழுத்துவது. பலரும் கரண்டியால் தட்டிச் சமன்படுத்தியதோடு நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெய்த்தாளை மேலே போட்டு, தட்டையான அடியுள்ள கிண்ணத்தால் உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். ஃபிரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு வெட்டுங்கள். ஓவனே வேண்டாம், ஒரே ஒரு தட்டுக்காக அதைச் சூடாக்குவதும் செலவுதானே.

இவ்வளவு செய்தும் ஓரங்கள் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அந்தத் தூளை ஒரு பாட்டிலில் சேர்த்து வையுங்கள். காலையில் தயிரின் மேல் தூவ அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: கடைத் தயிர் கட்டியாக இருக்கிறது. நான் உறை ஊற்றினால் நீர்த்துப்போகிறது, சில நாள் நூல் நூலாக இழுக்கிறது. என்ன செய்யலாம் அக்கா?

பாலை எவ்வளவு நேரம் காய்ச்சுகிறீர்கள் என்று எழுதவில்லை. பொங்கியதும் இறக்கிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இன்னும் 10 நிமிடம் வையுங்கள். பாலில் கரைந்திருக்கும் மோர்ப்புரதம் அந்தச் சூட்டில் உருமாறி, கேசின் என்ற இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பால் புளிக்கும்போது உண்டாகும் வலை நெருக்கமாக இருக்கும், தண்ணீரை விடாது.

அடுத்தது சூடு. யோகர்ட்டுக்கு உரிய இரண்டு பாக்டீரியாக்கள், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும், 43 டிகிரி அளவில் நன்றாக வேலை செய்பவை. சுண்டுவிரலை விட்டு 10 எண்ணும்வரை பொறுக்க முடிகிற சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ரொம்பச் சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் அவை செத்துவிடும். ரொம்ப ஆறிவிட்டால் மந்தமாகி, வேறு பாக்டீரியாக்கள் புகுந்துகொள்ள இடம் கிடைக்கும். நூலாக இழுப்பது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. எனக்கும் ஒரு குளிர்நாளில் ஒரு லிட்டர் பால் அப்படி ஆனது. மனசே கேட்கவில்லை. அன்றிலிருந்து வாய் அகன்ற ஃப்ளாஸ்க்கில்தான் உறை ஊற்றுகிறேன், 7 மணி நேரத்தில் சீராகத் தோய்ந்துவிடுகிறது. நடுவில் அசைக்கக் கூடாது.

ஒரு லிட்டருக்கு உறை இரண்டு மேசைக்கரண்டி போதும். அதிகம் விட்டால் சீக்கிரம் புளித்து, பொரபொரவென்று திரிந்து தண்ணீர் விடும். கடைத் தயிரை உறையாக எடுத்தால், உயிருள்ள பாக்டீரியா இருப்பதாக அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தோய்ந்த பிறகு சூடுபடுத்தி அடைத்தது உறைக்கு உதவாது. புதுத் தயிரில் கரண்டி போடும் முன்பே அடுத்த முறைக்கு உறை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். உறையை ஒருமுறைதான் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னும் கட்டி வேண்டுமென்றால் துணியில் வடிகட்டலாம், ஆனால் ஒரு லிட்டர் தயிர் பாதியாகச் சுருங்கிவிடும். சிக்கனம் பார்ப்பவர்கள், காய்ச்சும் முன்பே லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி பால்பவுடர் கரைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: கடைக்குட்டிக்குப் பத்து மாதம். அண்ணன் சாப்பிடும் ஓட்ஸ் பாரில் ஒரு துண்டு கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. ஒரு வயது ஆகும்வரை தேன் எந்த வடிவத்திலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்யூலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு உண்டாக்கலாம். கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது. முழுக் கொட்டைகள் தொண்டையில் சிக்கும், ஐந்து வயதுவரை கொடுக்காதீர்கள். சர்க்கரை போடாத தயிரில் மசித்த வாழைப்பழம் கலந்து கொடுங்கள், அவளுக்கும் கிண்ணம் ஒன்று கிடைத்துவிடும்.

கேள்வி: வடிகட்டிய தயிரின் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

கொட்டாதீர்கள். ஃபிரிட்ஜில் மூன்று, நான்கு நாள் இருக்கும். ரொட்டி மாவு பிசையத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுங்கள், மாவு மெதுவாக இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு: இரவில் ஓட்ஸை இந்தத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் நறுக்கிய பழம் சேர்ப்பேன். லேசான புளிப்போடு இருக்கும். அன்னாசியும் கிவியும் மட்டும் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள். அவற்றின் நொதிகள் தயிரின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும்.