மூன்று தலைமுறை இருந்தும் ஏன் சொந்த வீடு இல்லை?

அன்புள்ள ஐயா,

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை நிறுவனம் கைவிடுகிறது, தொழிலாளர்கள் கீழே இறங்க வேண்டும் என்ற செய்தி 2024 ஜூனில் வந்ததிலிருந்து எங்கள் பகுதியில் இதே பேச்சுதான். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் ஒருவர், “மூன்று தலைமுறையாக வேலை பார்த்திருக்கிறார்கள். கீழே இரண்டு சென்ட் இடம் வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொருவர், “காடு காட்டுக்கே போகட்டும்” என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. செய்தித்தாளில் வந்ததையெல்லாம் படித்தேன், யூடியூபில் எல்லாத் தரப்பையும் கேட்டேன். தகவல் சேர்ந்ததே தவிரத் தெளிவு வரவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் இலக்கியம் எதற்காவது உதவுமா? அல்லது எல்லாம் முடிந்து ஐம்பது வருடம் கழித்துப் படித்து வருத்தப்படுவதற்குத்தானா? உதவும் என்றால் வகுப்பில் எதைப் படிக்கக் கொடுக்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

சென்ட் நிலம் பற்றி உங்கள் சக ஆசிரியர் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். ஈரமில்லாதவர் கேட்கும் கேள்வி என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். மாதச் சம்பளம் வாங்கி, சீட்டுக் கட்டி, வங்கிக் கடன் எடுத்து மனை வாங்கிய எவருக்கும் அப்படிக் கேட்கத்தான் தோன்றும். செய்தியும் அந்தக் கேள்வியையே தூண்டுகிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்து, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. எல்லாமே சரியான தகவல்கள். ஆனால் முதல் ஆள் எப்படி அந்த மலைக்கு ஏறினார், வருடக் கடைசியில் அவர் கையில் என்ன மிஞ்சியது என்பது இவற்றில் எங்கும் இல்லை. அது தெரியாதவரை, ‘ஏன் சேர்த்து வைக்கவில்லை?’ என்றுதான் கேட்போம்.

பி.எச். டேனியல் ஒரு மருத்துவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்திருக்கிறார். கதை 1920களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கிராமம் ஒன்றிலிருந்து கருப்பன், வள்ளி என்ற தம்பதி தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். ஒரு வருடம் உழைத்து, நாலு காசு சேர்த்து ஊருக்குத் திரும்புவதுதான் அவர்கள் கணக்கு. குளிரும் மலேரியாவும் அடியும் ஒருபுறம் இருக்கட்டும். என்னை உலுக்கியது கணக்கு முடிக்கும் நாள். கூலியிலிருந்து அரிசிக்குப் போகிறது, கம்பளிக்குப் போகிறது, காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலியே இல்லை. கழித்துப் பார்த்தால் முன்பணமே இன்னும் அடையவில்லை. ஆகவே இன்னொரு வருடம், அதற்குப் பிறகு இன்னொன்று. ஒரு நாவல் நூறு பக்கங்களுக்கு மேல் நம்மையும் அந்த வருடங்களுக்குள் உட்கார வைத்த பிறகு, ‘ஏன் சேமிக்கவில்லை?’ என்று நாக்கு எழாது. அந்தக் கணக்குப் பேரேடு எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

இது ஒரு நாவலாசிரியரின் மிகையோ என்று யாராவது கேட்டால் இலங்கை வரலாற்றைக் காட்டுங்கள். அங்கே ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் தொகை அதில் எழுதப்பட்டிருக்கும். எந்தத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டுகிறதோ அந்தத் தோட்டத்துக்கு ஆள் கைமாறுவார். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கடனோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றிய முறையில், அந்த மனிதர் நிலம் வாங்குவது எங்கே?

சரி, அது வெள்ளைக்காரன் காலம், சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்கள் நண்பர் கேட்பார். கேட்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் கூரையும் போகும். ஓய்வு பெறும் தாய் வீட்டைக் காலி செய்யாமலிருக்க மகனோ மகளோ மருமகளோ தோட்டத் தொழிலாளியாகப் பேரேட்டில் பெயர் கொடுத்தாக வேண்டும். மூணாறு மலைகளில் படித்த பிள்ளைகள்கூடக் கொழுந்து பறிக்கப் போனதற்கு இது ஒரு காரணம்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின. எழுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பலரின் பூர்வீகம் கயத்தாறு. கருப்பனும் வள்ளியும் கிளம்பிப் போன அதே சீமை. தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மறுநாள் இரவே கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. தொலைக்காட்சி அங்கே திரும்பியது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றும் பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம் என்றும் கேரள அரசு அறிவித்தது. அப்போது எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்த விவாதத்தில் இன்னொரு கேள்வி பின்தங்கிப் போயிற்று: அவ்வளவு பேர் ஏன் அந்தச் சரிவின் கீழ் ஒரே வரிசையில் படுத்திருந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ கதையை வைத்துப் பாருங்கள். இலங்கை மலையகத்தின் லயம் ஒன்றில் ஒற்றை அறை. வளர்ந்த பிள்ளைகளோடு அதற்குள்ளேயே படுத்து எழ வேண்டிய தாய் தகப்பன். அந்த நெருக்கம் ஒரு குடும்பத்தின் மானத்தை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதுதான் கதை. அதைப் படித்தவருக்கு, செய்தியில் வரும் ‘லயங்கள்’ என்ற சொல் பிறகு ஒருபோதும் வெறும் கட்டடமாகத் தெரியாது. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோதும் இதேதான். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. ‘எச்சரித்தும் போகவில்லையே’ என்று அன்றும் சொன்னார்கள். வேறு கூரை கேட்டு அலைவது எப்படியிருக்கும் என்பதைக் கதையில் ஒருமுறையாவது வாழ்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஐம்பது வருடம் கழித்து வருத்தப்படவா என்று கேட்டிருக்கிறீர்கள். பாரதி பிஜிக்குப் போனதில்லை. பத்திரிகைக்காரர், செய்தியாகப் படித்து அறிந்தவர். அங்கே கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் நாட்டுப் பெண்களின் துயரம் செய்தியாக இருந்த காலத்திலேயே, “விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே!” என்று பாடினார். செய்தி சொல்லாத ஒன்றை, அவர்கள் தாய்வீட்டை நினைப்பார்களா என்பதை, அவர் கேட்டார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் வந்தது. கணவன் சிறைக்குப் போன பிறகு மருதி வாசவன்பட்டியை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இலங்கைக்குக் கூலிகள் போவதை இந்திய அரசு தடுத்தது 1939இல்தான். இவை தாமதமாக வந்த எழுத்துகள் அல்ல. நாம்தான் தாமதமாகப் படிக்கிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ‘எரியும் பனிக்காட்டை’ப் படித்துவிட்டு இன்றைய மாஞ்சோலைக்காரரைத் தெரிந்துகொண்டதாக யாரும் நினைக்கக் கூடாது. கருப்பனின் காலத்துக்கும் இன்றைக்கும் நூறு வருடம் ஆகிறது. 1999இல் கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த சகதொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் திருநெல்வேலிக்கு ஊர்வலமாக வந்தவர்கள் இவர்கள். ஜூலை 23 அன்று போலீஸ் தடியடி நடந்தபோது தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. 2015இல் போனஸ் குறைக்கப்பட்டபோது மூணாறு நகரத்தையே நிறுத்திய ‘பெண்பிள்ளை ஒருமை’ அமைப்பின் பெண்களும் இதேபோன்ற லயங்களிலிருந்து வந்தவர்கள்தான். தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு அவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். துயரக் கதைகளை மட்டும் படித்த கண்ணுக்கு இந்தப் பெண்கள் தெரியமாட்டார்கள்.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருப்பனும் வள்ளியும் எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்று ஏங்கினார்கள். மாஞ்சோலைத் தோட்டப் பகுதிகளான காக்காச்சியிலும் நாலுமுக்கிலும் ஊத்திலும் குதிரைவெட்டியிலும் இருந்தவர்களில் பலரோ எங்களை இங்கேயே விடுங்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். நரகமாக இருந்த மலை எந்த வருடத்தில் ஊராயிற்று? முதல் சாவு புதைக்கப்பட்டபோதா, முதல் கோயில் கொடை நடந்தபோதா, பள்ளிக்கூடம் வந்தபோதா? நம் பக்கத்து மலைகளைப் பற்றிய தமிழ்ப் புனைவில் இந்த நடுப்பகுதி போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். இலங்கை மலையகத்தவர் எழுதியிருக்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை இரண்டு அரசுகளும் தங்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டதைப் பார்த்தவர்கள். எது நம் ஊர் என்ற கேள்வியை விட்டு அவர்களால் விலக முடியவில்லை.

‘காடு காட்டுக்கே போகட்டும்’ என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் தாமிரபரணிப் படுகைக்கு உயிர். உங்கள் ஊர் குடிக்கும் தண்ணீரும் அங்கிருந்துதான். இதில் எந்த நாவலும் தீர்ப்பு எழுதித் தராது, எழுதித் தருவதாகச் சொன்னால் நம்பவும் வேண்டாம். ஆனால் அந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் யாருடைய உத்தரவின் பேரில் நட்டார்கள், லாபம் யாருக்குப் போயிற்று என்று தெரிந்த ஒருவர், காட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கான செலவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதச் சம்மதிக்கமாட்டார். காடும் வேண்டும், அவர்களுக்குக் கௌரவமான வீடும் நிலமும் வேலையும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்பார். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இனி வகுப்பு. ‘எரியும் பனிக்காட்டை’ முதலில் எடுக்காதீர்கள். மலையிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், அவர்களுடைய முன்னோர்கள் அடிபட்ட கதையை வாசித்தால் மற்ற பிள்ளைகள் திரும்பி அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதிமூன்று வயதில் அந்தப் பார்வையைத் தாங்குவது கடினம். பாரதியின் பாட்டிலிருந்து தொடங்குங்கள். பிறகு, தங்கள் குடும்பத்தில் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர் யார் என்று வீட்டில் விசாரித்து ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். கொழும்பு, ரங்கூன், பம்பாய், துபாய் என்று உங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெயர் கிடைக்கும். மாஞ்சோலை அந்தப் பட்டியலில் ஒன்றாக வரட்டும். மலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல விருப்பமிருந்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தைப் பற்றியும் அட்டைக் கடியைப் பற்றியும் அவர்களே சொல்வார்கள். விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

‘மீன்கள்’ அந்த வயதுக்கு உரியதல்ல. அதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோங்கள். சிறுகதைதான், ஓர் இடைவேளையில் படித்துவிடலாம். இரண்டு சென்ட் இடம் பற்றிக் கேட்டவரிடமே முதலில் கொடுங்கள். அவர் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் மறுத்துப் பேசினால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்.