ஓய்வுக்காலக் கணக்கில் வீடு வாங்கலாம், ஆனால் மகள் அதில் தங்க முடியாது

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன், வயது 47. பழைய கம்பெனியின் 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் 2,40,000 டாலர் இருக்கிறது. அதை செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏவுக்கு (வீடு போன்ற சொத்துகளையும் நாமே தேர்ந்தெடுத்து வாங்கக்கூடிய தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கு) மாற்றி, சான் அன்டோனியோவில் 2,30,000 டாலருக்கு ஒரு வீடு வாங்க நினைக்கிறேன். மகள் அங்கேதான் காலேஜில் சேரப்போகிறாள். அவள் ஓர் அறையில் இருந்துகொள்ள, மற்ற அறைகளை வாடகைக்கு விடலாமா? அவளிடமும் வாடகை வாங்கத் தயார்.

பதில்: மகள் அந்த வீட்டில் தங்கக் கூடாது. ஊர் வாடகையை மாதாமாதம் கொடுத்தாலும் கூடாது.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 4975-ஆம் பிரிவு உங்களையும், உங்கள் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மருமகன், மருமகள் எல்லோரையும் அந்தச் சொத்திலிருந்து தள்ளி வைக்கிறது. கூடப் பிறந்தவர்கள் இந்த வரிசையில் வரமாட்டார்கள். மீறினால், அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதியே முழுக் கணக்கையும் நீங்கள் எடுத்துவிட்டதாக ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வைத்துக்கொள்ளும். மொத்தப் பணமும் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். 59½ வயது ஆகாததால் அதற்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி, அதாவது சுமார் 24,000 டாலர். ஒரு ஹாஸ்டல் அறையை மிச்சம் பிடிக்கப் போய் இந்தப் பணத்தை இழக்காதீர்கள்.

மகளை விட்டுவிட்டு, வெறும் வாடகைக்காக வாங்கினால்? சட்டம் தடுக்கவில்லை. பணம் நேரடியாகப் புதுக் கஸ்டோடியனுக்கு (ஐஆர்ஏ கணக்கை வைத்திருக்கும் நிறுவனம்) போனால் மாற்றுவதற்கு வரியும் கிடையாது. என்னைக் கவலைப்பட வைப்பது, வீடு வாங்கியபின் மிஞ்சும் அந்தப் பத்தாயிரம்தான். பதிவுச் செலவே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பிறகு சொத்து வரி, இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாமே ஐஆர்ஏவிலிருந்துதான் போக வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் ஏசி படுத்துவிட்டது, ஏசியையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் ரிப்பேர்காரர், வாடகைக்கு இருப்பவர் போன் மேல் போன் போடுகிறார். அப்போதும் உங்கள் கிரெடிட் கார்டை எடுக்க முடியாது. லீவு நாளில் போய் நீங்களே பெயிண்ட் அடிப்பதும் தப்பு. கணக்கில் புதுப் பணம் போடலாமென்றால், 50 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 2025-ல் வருட உச்சவரம்பே 7,000 டாலராகத்தான் இருந்தது.

கடன் வாங்கினால் உங்கள் சொந்த உத்தரவாதம் இல்லாத கடனாக இருக்க வேண்டும். அந்தக் கடன் ஈட்டும் வருமானத்துக்கு ஐஆர்ஏவே வரி கட்ட நேரும்.

இன்னொன்றும் யோசியுங்கள். சொந்தப் பெயரில் இருக்கும் வாடகை வீட்டுக்குத் தேய்மானக் கழிவு (கட்டடம் பழசாவதற்காக வருமானத்தில் கழிக்கும் தொகை) உண்டு, விற்றால் நீண்டகால ஆதாயத்துக்குக் குறைந்த வரி. இந்த ஐஆர்ஏவுக்குள் இரண்டும் கிடைக்காமல் போய்விடும். லாபம் வெளியே வரும்போது சம்பளம் மாதிரியே வரி.

என் யோசனை: 401(கே) பணத்தைச் சாதாரண ஐஆர்ஏவுக்கு மாற்றி, செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டில் விடுங்கள். வீடு வேண்டுமென்றால் வெளிச் சேமிப்பில் உங்கள் பெயரில் வாங்குங்கள். மகள் தாராளமாகத் தங்கலாம், மற்ற அறைகளின் வாடகைக்கு ஏற்ற செலவுகளையும் கழித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டுக்கு ஏற்கெனவே உங்கள் கையிலிருந்து முன்பணம் கொடுத்திருந்தால், எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுமுன் வரி வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.