போர்ட்டல் ஆக்சில்: 6 லட்சம் முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் டிரக் இருக்கிறது. முன்பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், டயர் அளவு 255/60 ஆர் 18. ஜவ்வாது மலைப் பக்கம் கரடுமுரடான பாதைகளில் போகும்போதெல்லாம் பின் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி) பாறையில் இடிக்கிறது. சென்னைப் பட்டறை ஒன்றில், நான்கு சக்கரங்களுக்கும் போர்ட்டல் ஆக்சில் பொருத்த 9 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அதில் 6 லட்சத்தை முன்பணமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆர்.டி.ஓ. தரப்பில் எந்தச் சிக்கலும் வராது என்கிறார்கள். வார நாட்களில் இதே வண்டியில்தான் அலுவலகம் செல்கிறேன். பொருத்திக்கொள்ளலாமா?
— வாசகர், மேடவாக்கம்

பதில்: இதே வண்டியில்தான் அலுவலகம் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே பொருத்த வேண்டாம் என்று சொல்கிறேன்.

உங்கள் ஆசையில் தவறில்லை. சாதாரண ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு சக்கரத்தின் நடுமையத்துக்கே வந்து சேர்வதால், டிஃபரன்ஷியல் உருண்டையும் அதே மட்டத்தில் தொங்குகிறது. போர்ட்டல் ஆக்சிலில் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு கியர் பெட்டி இருக்கும். தண்டு அதன் மேல் பல்சக்கரத்தில் நுழைய, கீழ்ப் பல்சக்கரம் சக்கரத்தைச் சுழற்றும். இரண்டு பல்சக்கரங்களின் மையங்களுக்கும் இடையே 100 மில்லிமீட்டர் இருந்தால் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து அதே 100 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். மெர்சிடிஸ் பென்ஸின் யூனிமாக் வண்டிகள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அமைப்போடுதான் வருகின்றன. ஸ்பிரிங்கை உயர்த்துவதால் வண்டியின் உடல் மட்டுமே மேலே போகும். உங்கள் பின் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். டயரைப் பெரிதாக்கினாலும் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும்: உங்கள் டயரின் விட்டம் ஏறக்குறைய 763 மில்லிமீட்டர், 33 அங்குல டயர் போட்டால் டிஃபரன்ஷியல் 37 மில்லிமீட்டர்தான் உயரும்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை உரிமையாளருக்கு என்பதைக் கவனியுங்கள். சிக்கல் வராது என்று சொல்லும் பட்டறைக்காரரிடம், இந்தப் பொருளுக்கும் உங்கள் மாடலுக்கும் சேர்த்து அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிச் சோதிக்கும் மையம் நம் பக்கத்திலேயே ஒரகடத்தில் இருக்கிறது. சான்றைக் காட்ட முடியாதவரின் வாய்மொழி உறுதியை நம்பி 6 லட்சம் கொடுக்கக் கூடாது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. உயரம் கூடிய வண்டி வளைவில் எளிதில் கவிழும் என்பதால், ஓ.எம்.ஆர். சாலையில் உங்கள் பக்கத்தில் வரும் இருசக்கர வண்டிக்காரரையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

இப்போதைக்கு டிஃபரன்ஷியலுக்கு அடியில் தடித்த எஃகுத் தகடு பொருத்துங்கள். பாறைப் பாதையில் டயர் காற்றைக் குறைத்து, பாறையைச் சக்கரங்களுக்கு நடுவே விடாமல் டயர் மேலேயே ஏற்றி ஓட்டப் பழகுங்கள். உங்கள் மலைப் பயணங்களுக்கு இவை போதும்.

பொதுச் சாலையில் ஓட்டாமல், லாரியில் ஏற்றிச் சென்று தனியார் நிலத்திலோ போட்டியிலோ மட்டும் ஓட்டும் வண்டி என்றால் வேறு பேச்சு. அப்போதும் பெட்டிக்குள் எத்தனை பல்சக்கரங்கள் என்று முதலில் கேளுங்கள். இரண்டு மட்டும் இருந்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். அதற்கேற்ப டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டும். நடுவில் மூன்றாவது இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் கியர் விகிதம் 1.2 என்றால் சக்கரம் அந்த அளவுக்கு மெதுவாகச் சுழலும்; 36 அங்குல டயர் போட்டால்தான் உங்கள் வண்டி பழைய வேகக் கணக்குக்கு வரும். அந்த டயரை நிறுத்த இப்போதைய பிரேக் போதுமா என்பதையும், லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க என்ன தாங்குகோல் தருகிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்பை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில், ஏரித் தண்ணீரில் இறங்கி வந்த வண்டியின் கியர் பெட்டியைத் திறந்தபோது அருகில் நின்றிருந்தேன். பொன்னிறமாக வர வேண்டிய ஆயில் பால் அதிகம் விட்ட தேநீரைப் போல் வழிந்தது; காந்தம் வைத்த வடிகால் திருகில் இரும்புத் தூள் மை போல் அப்பியிருந்தது. தண்ணீர் புகாமல் தடுக்கும் ஒரு சீல் கசிந்ததற்கே அந்த நிலை. இதுபோல் நான்கு பெட்டிகளையும் ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்கிய பிறகும் நீங்கள் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: போட்டிக்கு மட்டும் ஓட்டும் என் பழைய ஜீப்புக்கு இதே ஆக்சிலுக்காக 3 லட்சம் முன்பணம் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. பொருளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. என்ன செய்வது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிறகு, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் இடத்து ஆணையமே போதும்; விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். "அடுத்த மாதம் கப்பலில் வந்துவிடும்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் இன்றைக்கே அச்செடுத்து வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அவையும் போய்விடும்.