தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு மனநலத்தை எப்படிக் கற்றுத் தருவது?

இதற்குத் தனிப் பாடவேளை வேண்டுமா, அந்த வயதில் இதெல்லாம் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேதாரண்யம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். பாடவேளையைவிட முதலில் வேண்டியது, உள்ளே நடப்பதை எடுத்துச் சொல்லக் குழந்தையிடம் சொற்கள் இருப்பதே என்பது என் அனுபவம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்து, பள்ளி மறுபடி திறந்தபோது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிக்கடி "டீச்சர், வயிறு வலிக்குது" என்று வந்து நின்றான். பசியா என்று கேட்டேன், இல்லை என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன். நடிக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் கடிந்தும் கொண்டேன்; அது என் தவறு. சைக்கிள் கொட்டகைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம்தான் அவனுக்கு வலி வருகிறது என்பதைத் தாமதமாகவே கவனித்தேன். "பயப்படாதே" என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. "பயமா இருக்காப்பா? எங்க இருக்கு அது?" என்று கேட்டபோது, தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். சிறு குழந்தைகளின் மனக்கலக்கம் வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று; அந்த வலி பொய்யல்ல. கொதித்த பாலை ஊதி ஆற்றுவதுபோல மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடச் சொன்னேன். அப்படி விடும்போது இதயத் துடிப்பு சற்றே தணியும். தகரச் சத்தம் நிற்கும்வரை இருவரும் சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தோம்.

"பிள்ளை ஏங்கிப் போச்சு" என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். தாயைப் பிரிந்த பிள்ளைக்குக் காய்ச்சல்கூட வரும் என்று அறிந்து வைத்திருந்த சொல் அது. ஆனால் அப்பா சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்ட குழந்தை இன்று "எனக்கு எதுவும் பிடிக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஏக்கம், ஏமாற்றம், கூச்சம், பொறாமை, ஆத்திரம் ஆகியவற்றை வேறுபடுத்திச் சொல்லத் தமிழ்ப் பாடவேளையே போதும். பாட்டி வடை சுட்ட கதையில், வடை கீழே விழுந்ததும் காக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். எல்லாரும் "சோகம்" என்றபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், "வெக்கமா இருந்திருக்கும் டீச்சர், நல்லாப் பாடுறேன்னு நம்பிடுச்சுல்ல" என்றாள். இப்படி ஒரு பதில் கிடைத்த நாளில் மீதிப் பாடம் நின்றாலும் பரவாயில்லை என்பேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு, கணக்குப் பாடத்தில் "மக்கு" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் அத்தனையும் வீண். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17 ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது.

ஆசிரியர் மருத்துவர் அல்லர் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் இரண்டு வாரம் தாண்டியும் கெட்டிருந்தால் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். யாரேனும் குழந்தையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் முழுவதும் காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே வகுப்பில் பேசுகிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் எங்கே போவது, வீட்டில் யார் யார் இருப்பார்கள், கையில் என்ன எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகளே சொல்ல, நான் கரும்பலகையில் எழுதுகிறேன். அது முடிந்ததும் நாலைந்து பேர் எழுந்து போய் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்கள்.