அண்மையில் படித்த நாவல், சுயமுன்னேற்ற நூல்களில் உங்களை மிகவும் பாதித்தது எது?

இந்த ஆண்டு நான் முழுதாகப் படித்து முடித்தவை இரண்டே இரண்டு. ஒன்று ஜேம்ஸ் கிளியர் 2018-இல் எழுதிய ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’, சின்னச் சின்னப் பழக்கங்களால் முன்னேறுவது பற்றிய நூல். இன்னொன்று நம் மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவல். முதலாவது பயன்பட்டது. இரண்டாவது இன்னும் என்னை விடவில்லை.

எனக்கு ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். அம்மா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். நாளுக்கு ஒரு விழுக்காடு முன்னேறினால் ஓராண்டில் ஏறத்தாழ 37 மடங்கு ஆகிவிடலாம் என்று கிளியர் கணக்குச் சொல்கிறார். அதை அம்மாவிடம் சொன்னேன். “மரம் வெட்டுறதும் அப்படித்தாய்யா. மெல்லிசாச் சீவணும். கத்தி ஆழமாப் போயிட்டா மரம் காயப்பட்டுடும், அந்த இடத்துல பட்டை ஒழுங்கா வளராது” என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவின் அந்த நாட்களை நினைத்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போவார். வெயில் ஏறினால் பால் இறங்குவது குறைந்துவிடும் என்பதால் இருட்டு விலகும்போதே கத்தி பிடித்துவிடுவார். அப்புறம் மரத்தில் கட்டிய கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியில் சுமந்து வந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நூல் கேட்கும் ஒழுங்கு, பொறுமை, விடாமுயற்சி எல்லாம் அம்மாவிடம் இருந்தன. அந்த 37 மடங்கு எங்கே போனது? மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, சம்பளமும் குறையும். ரப்பர் விலையை எங்கேயோ யாரோ முடிவு செய்தார்கள். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியபோது அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் நேரம் தன் கையில் இருப்பவருக்கு எழுதிய நூல் அது என்பதே என் கருத்து.

ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். புதுப் பழக்கத்தை ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு ஒட்ட வைக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது. அம்மா தினமும் இரவு ரத்தக் கொதிப்பு மருந்து போடுவார். அது முடிந்ததும் அவருக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அப்படி வாசித்ததுதான் ‘நினைவுச்சின்னம்’.

இரண்டாம் உலகப்போரில் மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோட்டத்துத் தமிழர்களை சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதை போடக் கொண்டுபோன கதை அது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி மறு ஆண்டே முடித்துவிட்டார்கள். ஆசை காட்டிக் கூட்டிப்போனவர்கள் உண்டு, லாரியில் பிடித்துப்போட்டுக் கொண்டுபோனவர்களும் உண்டு. வாந்திபேதி, மலேரியா, பட்டினி. எத்தனை தமிழர் செத்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. இந்த ரயில் பாதை என்றாலே உலகம் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைத்தான் நினைக்கிறது. இந்த நாவலில் நம் ஆட்கள் நம் பேச்சிலேயே பேசுகிறார்கள், நம் ஆட்களாகவே சாகிறார்கள். எனக்கு அது போதும், நடையில் அங்கங்கே தொய்வு இருந்தாலும்.

இரண்டு பக்கம் என்று தொடங்கியது சில இரவுகளில் இருபது பக்கம் ஆனது. ஒரு நாள் அம்மா கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். தன் பெரியப்பாவும் சயாமுக்குப் போனவர்தான், திரும்பவே இல்லை என்றார். இத்தனை வருடத்தில் எனக்கு அவர் சொன்னதே இல்லை. செத்தார் என்று சேதி எதுவும் வராததால் பெரியம்மா கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கவில்லையாம். அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது, சாயங்காலம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அந்தப் பெரியம்மா உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். “யாரைப் பாக்குறீங்கன்னு கேட்டா, ஒன்னுமில்லைன்னு சொல்லும்” என்றார்.

நாவல் முடிந்த மறுநாள் மருந்தைப் போட்டுக்கொண்டு, “அடுத்தது என்னய்யா?” என்றார் அம்மா. அதே எழுத்தாளரின் ‘லங்காட் நதிக்கரை’ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.